பழைய ஸ்கேன் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

புராஸ்டேட் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்த பிறகும் ஆபரேஷன், ரேடியேஷன் எதுவும் செய்துகொள்ளாமல் கண்காணிப்பில் மட்டும் இருக்கிறேன். டாக்டர்கள் இதை ஆக்டிவ் சர்வைலன்ஸ் என்கிறார்கள். மதுரையில் எங்கள் சொந்தபந்தங்களில் பலருக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "கேன்சர்னு தெரிஞ்சப்புறமும் எதுக்குங்க உள்ளேயே வச்சுக்கிட்டு இருக்கணும், எடுத்துடலாமே" என்று என் மனைவியே பல ராத்திரி தூங்காமல் கேட்டிருக்கிறாள். இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எம்.ஆர்.ஐ. விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

பயாப்ஸியில் எடுத்த திசுவைப் பார்த்து, புற்றுநோயின் வீரியத்துக்குப் போடும் மதிப்பெண்தான் க்ளீசன். எனக்கு வந்தது 3+3, மொத்தம் 6. மெதுவாக வளரும் ரகம். ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதமான பி.எஸ்.ஏ. 6.2. இப்படிப்பட்டவர்களை உடனே அறுக்காமல் கவனித்து வருவது புதிய யோசனை இல்லை. டொராண்டோவில் சன்னிபுரூக் மருத்துவமனையில் டாக்டர் லாரன்ஸ் க்ளாட்ஸ் 1990களின் நடுவிலேயே தொடங்கிவிட்டார். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வில் 1,643 பேரை ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பதினைந்து வருஷம் பார்த்தார்கள். 2023-ல் வந்த முடிவுப்படி, எந்தப் பிரிவில் இருந்தாலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் சாகவில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியிருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 4.7 சதவீதம்தான். அந்தக் காலத்துக் கண்காணிப்பு பி.எஸ்.ஏ.வை நம்பியே நடந்தது. எம்.ஆர்.ஐ. அதில் கிடையாது. என் யூராலஜிஸ்ட் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு, "சும்மா இருக்கிறது வேற சார், கண்காணிப்பு வேற. ஸ்கேனுக்கு ஒழுங்கா வர்றதா இருந்தாத்தான் இந்த வழி" என்றார்.

பயாப்ஸி முடிந்ததும் ஸ்கேன் எடுக்க விடவில்லை. ஊசி குத்திய இடங்களில் கசிந்த ரத்தம் படத்தைக் குழப்பும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற வேண்டியிருந்ததால், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முதலில் ரத்தத்தில் க்ரியாட்டினின் பார்த்தார்கள். வயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று காலையில் எனிமா கொடுத்தார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலக்குடலில் வாயு இருந்தால், பக்கத்திலேயே இருக்கும் புராஸ்டேட்டின் டிஃப்யூஷன் படம் (திசுவுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் படம்) நெளிந்துபோகும். குடல் அசையாமல் இருக்க ஒரு ஊசியும் போட்டார்கள். அப்புறம் அடிவயிற்றின் மேல் சிக்னலைப் பிடிக்கும் காயில் என்ற கருவியை வைத்துக் கட்டி, பயந்தால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம். டிஃப்யூஷன் ஓடும்போது படுத்திருக்கும் பலகையே அதிர்கிறது. கான்ட்ராஸ்ட் ஏறும்போது முழங்கைக்கு மேலே சில்லென்று ஒரு ஓட்டம். அவ்வளவுதான், வலி கிடையாது.

அந்த ரிப்போர்ட்டில் இடது பக்கம் 8 மி.மீ. அளவில் ஒரு இடம், பைராட்ஸ் 3 என்று இருந்தது. பைராட்ஸ் என்பது புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேன்தான் எங்களை ஆட்டிவைத்தது. வீட்டுக்குப் பக்கம் என்று வேறு ஒரு சென்டரில் எடுத்தோம். பழைய சிடியைக் கையில் கொண்டுபோயும் கவுன்டரில் வாங்கிக்கொள்ளவில்லை. ரிப்போர்ட் வந்தபோது 11 மி.மீ., பைராட்ஸ் 4. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டதாக ஒரு வரி கூட இல்லை. மகன் பெங்களூரிலிருந்து அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டான். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

யூராலஜிஸ்ட் பதறவில்லை. இரண்டு சிடிகளையும் சென்னையில் புராஸ்டேட் ஸ்கேனையே அதிகம் பார்க்கும் ஒரு ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்பினார். நாங்களும் போய் உட்கார்ந்தோம். அவர் இரண்டு படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மட்டத்துக்கு நகர்த்தினார். கறுப்பாகத் தெரிந்த அந்த இடம் இரண்டிலும் ஒரே வடிவம், ஒரே கருமை. இரண்டாவது ஸ்கேனில் வாயுவால் படத்தின் ஓரம் இழுபட்டிருந்தது. அளந்ததும் வேறு கோணத்தில். "சார், இது வளரல. அளந்த விதம்தான் வேற" என்றார். என் மனைவி திரும்பவும் ஒருமுறை அளந்து காட்டச் சொன்னாள். பொறுமையாகக் காட்டினார்.

அவர்தான் பிரிசைஸ் என்ற மதிப்பெண்ணைப் பற்றிச் சொன்னார். பைராட்ஸ், நோய் இருக்கிறதா என்று தேடும்போது போடுவது. பிரிசைஸ், கண்காணிப்பில் இருப்பவர்களுக்கென்றே வந்தது. 1, 2 என்றால் குறைந்திருக்கிறது, 3 என்றால் மாற்றமில்லை, 4, 5 என்றால் வளர்ந்திருக்கிறது. எனக்கு 3. பி.எஸ்.ஏ.வைப் புராஸ்டேட்டின் கன அளவால் வகுத்துப் பார்க்கும் கணக்கும் உண்டு. என் சுரப்பி 48 மில்லி, அதனால் 0.13. பொதுவாக 0.15-ஐத் தாண்டினால்தான் கூடுதலாகக் கவலைப்படுகிறார்கள்.

அதற்காக எம்.ஆர்.ஐ. சொல்வதே முடிவு என்று நினைக்க வேண்டாம். அதன் கண்ணுக்குத் தப்பும் கட்டிகளும் இருக்கின்றன. எனக்கும் அதன்பின் அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி பயாப்ஸி செய்தார்கள். அதே 3+3 வந்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். இன்னொன்று, சிறுநீர்த் தொந்தரவுக்கு டுடாஸ்டிரைடு, ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டும் மாத்திரைகள் அவை.

இப்போது ஸ்கேனுக்கு ஒரே சென்டர், ஒரே மெஷின் என்று வைத்துக்கொண்டோம். ஃபாரத்தில் "முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிடவும்" என்று யூராலஜிஸ்டே எழுதிக் கொடுக்கிறார். சில இடங்களில் ஃபிலிமை மட்டும் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதை வைத்து இன்னொரு டாக்டரால் இப்படி நகர்த்தி, அளந்து பார்க்க முடியாது. ஸ்கேன் படங்கள் அசலாக இருக்கும் டைகாம் ஃபைல்களாகச் சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி போட்டு வையுங்கள்.