ஈமுக்கள் ஏன் சாகவில்லை?

பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் கழித்துவிட்டு, இடையில் சில ஆண்டுகள் மட்டும் அயற்பணியாக ஓர் உயிரியல் பூங்காவில் மருத்துவராக இருந்தவன் நான். உறவினர்கள் இன்றும் அந்தச் சில ஆண்டுகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். புலிக்கு ஊசி போட்ட கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். ஊசி போடுவது அந்த வேலையில் மிகச் சிறிய பங்குதான் என்று சொன்னால் ஏமாந்துபோகிறார்கள்.

காட்டு விலங்கு தன் நோயை வெளிக்காட்டாது. தளர்ந்தது தெரிந்தால் எதிரிக்கு இரையாகிவிடும் என்பதால், ஒரு மானோ பறவையோ கடைசி நாள் வரை நிமிர்ந்தே நிற்கும். காலையில் தீனி எடுத்தது, மாலையில் செத்துக் கிடந்தது என்று செய்தி வரும்போது, நோய் உள்ளே பல நாட்களாக இருந்திருக்கும். பசுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தும், அசைபோடுகிறதா என்று கவனித்தும், நாடி பிடித்தும் பழகியவனுக்கு, அகழிக்கு இப்பால் நின்றுகொண்டு சிங்கத்தின் மூச்சை எண்ணுவது புதிய கல்வியாக இருந்தது. அதை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் விலங்குக் காப்பாளர்கள். கழிவின் இறுக்கம், தின்னாமல் மிச்சம் வைத்த இறைச்சி, மாலையில் கொட்டிலுக்குள் நுழைய வழக்கத்துக்கு மாறாகக் காட்டிய தயக்கம் ஆகியவற்றை அவர்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

தொட்டே ஆகவேண்டும் என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பெரிய பூனையினங்களுக்கு நம் நாட்டில் சைலசினும் கெட்டமினும் கலந்து ஊதுகுழல் மூலமோ துப்பாக்கி மூலமோ செலுத்துவது வழக்கம். வேலை முடிந்ததும் சைலசினின் விளைவை யோஹிம்பின் கொடுத்து முறிக்கலாம். எடையைப் பெரும்பாலும் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். ஒட்டகச்சிவிங்கி என்றால் அனுபவசாலிகளும் யோசிப்பார்கள்: உயர்ந்த இரத்த அழுத்தம், நீண்ட மூச்சுக்குழல், மயங்கிக் கிடக்கும்போது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடிய இரைப்பை உணவு என்று எல்லாமே அதற்கு எதிராக இருக்கின்றன.

அளவைக் கணக்கிடுவதும் வெறும் பெருக்கல் அன்று. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரப் பூங்காவில், யானைக்கு மதம் பிடிப்பது போன்ற நிலையைச் செயற்கையாக உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, டஸ்கோ என்ற ஆண் யானைக்கு எல்.எஸ்.டி. என்ற, மாயத்தோற்றம் உண்டாக்கும் போதைப்பொருளை 297 மில்லிகிராம் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் சரிந்த யானை இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. காப்பாற்றுவதற்காகக் கொடுத்த மருந்துகளுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. ஆனால் சிறிய விலங்குக்குத் தாங்கும் அளவை எடைக்கு எடை பெருக்கி யானைக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் விவாதம் இல்லை. ஒரு கிலோ யானையின் உடல் செலவிடும் ஆற்றல், ஒரு கிலோ பூனையின் உடல் செலவிடுவதைவிட மிகக் குறைவு.

இந்தத் தொழிலில் நான் பெரிதும் மதிப்பவர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் நோய்க்குறியியல் துறைக்குத் தலைமை வகித்த டிரேசி மெக்நமாரா. இறந்த விலங்கை அறுத்துப் பார்ப்பது அவருடைய வேலை. 1999 கோடையில் பூங்காவைச் சுற்றிக் காகங்கள் செத்து விழுந்தன. செப்டம்பரில் பூநாரைகள் உள்ளிட்ட பூங்காவின் சொந்தப் பறவைகளும் இறக்கத் தொடங்கின. அறுத்துப் பார்த்தபோது மூளையில் இரத்தக்கசிவும் அழற்சியும், இதயத்தில் சேதமும் இருந்தன. அதே வாரங்களில் அந்நகரின் குயின்ஸ் பகுதியில் மனிதர்களுக்கு மூளையழற்சி கண்டிருந்தது. அது கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்திருந்தார்கள். மெக்நமாராவுக்கு அது ஒத்துவரவில்லை, ஏனெனில் அந்த வைரஸ் பறவையின் உடலில் பெருகுமே தவிரப் பறவையைக் கொல்லாது.

பிறகு அவர் உயிரோடு இருந்த பறவைகளைப் பார்த்தார். வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ வந்திருந்தால் பூங்காவின் கோழிகள் முதலில் விழுந்திருக்கும். அவை நலமாக இருந்தன. குதிரைகளைத் தாக்கும் கிழக்கத்திய மூளையழற்சி என்றால் ஈமுக்கள் செத்திருக்கும். அவையும் நலமாக இருந்தன. மனிதர் நோய்க்கான ஆய்வகம் பறவை மாதிரிகளில் அக்கறை காட்டாததால், அவர் அயோவாவிலுள்ள அரசுக் கால்நடை ஆய்வகத்தையும், அதன் பின் மேரிலாந்திலுள்ள ராணுவ ஆய்வகத்தையும் நாடினார். செப்டம்பர் முடிவதற்குள் விடை கிடைத்தது: 1937-ல் உகாண்டாவில் முதன்முதலில் கண்டறியப்பட்ட மேற்கு நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டத்துக்குள் முதல்முறையாக நுழைந்திருந்தது. அந்த ஆண்டு நியூயார்க் வட்டாரத்தில் 62 பேர் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர். மனிதரையும் பறவையையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க அந்த நகரத்தில் பூங்கா மருத்துவர் ஒருவர் இருந்தார் என்பதை, எங்கள் தொழிலைச் சர்க்கஸ் வேலை போல எண்ணுபவர்களிடம் நான் சொல்வதுண்டு.

விலங்கு தன் நோயை மறைக்கும் என்று சொன்னேனே, அதற்கு நம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஒரு சான்று உண்டு. 2021 மே மாத இறுதியில், ஐந்து சிங்கங்கள் சரியாகத் தின்னவில்லை, அவ்வப்போது இருமுகின்றன என்பது கவனத்துக்கு வந்தது. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலிலுள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, ஒன்பதில் கொரோனா உறுதியானது. வகை டெல்டா என்பது பிறகு தெரிந்தது. ஜூன் 3 அன்று இறந்த ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலாவுக்கு, முந்தைய நாள் சற்று மூக்கு ஒழுகியதைத் தவிர வேறு அறிகுறி இல்லை. அதே மாதம் 16-ஆம் தேதி பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தது. மற்றவற்றைத் தனிமைப்படுத்தி, உணவு ஒவ்வொரு நாளும் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்துத் தேற்றினார்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. நம் மாநிலத்தில் பூங்கா மருத்துவர்கள் கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து வனத்துறைக்கு அயற்பணியில் போகிறவர்கள். ஒரு சிறுத்தை எந்த மருந்துக்கு எப்படி மயங்குகிறது, எந்தக் காப்பாளரின் சொல்லை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பிடிபடும் நேரத்தில், மீண்டும் ஏதாவது ஒரு மருந்தகத்துக்கு மாறுதல் ஆணை வந்துவிடுகிறது. மருந்தின் அளவைப் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். மற்றதை அடுத்து வருபவர் முதலிலிருந்து கற்க வேண்டும். விருப்பமுள்ள இளையவர்களைத் தேர்ந்து, வனவிலங்கு மருத்துவத்திலேயே ஓய்வுபெறும் வரை இருக்கும்படி தனிப் பணித்தொகுதி ஒன்றை அமைத்தால் அரசுக்கு ஆகும் செலவு அதிகம் இராது.