பின் நம்பரை எடுக்கப் போய், கடைக்காரர் கணக்கில் மாட்டிக்கொண்டது

ஹாலை விட்டு நகராத கணினி. பயன்படுத்துவது ஒரே ஒருவர், அம்மா. கரண்ட் பில், வீடியோ கால், கொஞ்சம் தமிழ் டைப்பிங், அவ்வளவுதான். அதை ஆன் செய்யும்போதெல்லாம் பின் நம்பர் கேட்கிறது, எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி கேட்கிறது. இதை நிறுத்துவது இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் பழைய பெட்டியைக் கழித்துவிட்டு, விண்டோஸ் 11 ஹோம் போட்ட ஆல்-இன்-ஒன் வாங்கினோம். "எல்லாம் செட் பண்ணியே தர்றோம் சார், பின் நம்பர் 2580" என்று கடையில் சொன்னார்கள். நன்றி சொல்லி வாங்கி வந்தோம். அந்த வாக்கியத்தில்தான் எல்லாமே இருந்தது, அப்போது உறைக்கவில்லை.

பழைய விண்டோஸ்களில் பழகியவர்களுக்கு வழி தெரியும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, என்-ஈ-டி-பி-எல்-டபிள்யூ-ஐ-இசட் என்று எட்டெழுத்தை அடித்தால் ஒரு பெட்டி வரும். அதன் தலையில் "பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தே ஆகவேண்டும்" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். டிக்கை எடுத்தால் கதை முடிந்தது. புதுக் கணினியில் பெட்டி வந்தது, டிக் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் "மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் நம்பர், முகம், கைரேகை) வழியாக மட்டுமே அனுமதி" என்ற அர்த்தத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அது ஆனில் இருக்கும்வரை அந்த டிக் ஒளிந்துகொள்ளும். பின் நம்பரை நீக்கும் பட்டனும் மங்கிக் கிடக்கும். சுவிட்சை அணைத்து, பெட்டியை மூடித் திறந்தால் டிக் திரும்பி வந்துவிடும். இதை எந்தத் திரையும் சொல்லாது.

டிக்கை எடுத்தேன். உடனே பாஸ்வேர்டு கேட்டது. இங்கே 2580 செல்லாது. பின் நம்பர் என்பது அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமான சாவி, உள்ளே சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் டிபிஎம் சிப்போடு கட்டப்பட்டது. கேட்பதோ மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை. அம்மாவுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. அப்படியானால் இந்தக் கணினி யார் கணக்கில் ஓடுகிறது?

சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்ததில் விடை கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதலில் செட்டப் செய்தால், அந்த ஈமெயில் முகவரியின் முதல் 5 எழுத்தைத்தான் விண்டோஸ் ஃபோல்டர் பெயராக வைக்கும். அங்கே இருந்தது அம்மாவின் பெயர் அல்ல, கடைப் பெயரின் முதல் ஐந்து எழுத்து. புதுக் கணினி வாங்கியவர்கள் வேறெதையும் பார்க்கும் முன் இந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

கடைக்குப் போன் செய்தால், "பாஸ்வேர்டா? அது எங்க மெயில் சார், எல்லா சிஸ்டத்துக்கும் அதுதான் போடுவோம். பின் நம்பர் இருக்கே, அது போதுமே" என்று பதில். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. விண்டோஸ் 11 ஹோம், செட்டப் சமயத்தில் இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் நகரவே விடாது. 2022-க்குப் பிறகு, சொந்த உபயோகத்துக்கு என்று செட் செய்தால் ப்ரோ பதிப்பும் அப்படித்தான். நாளைக்குப் பத்துப் பெட்டி செட் செய்கிறவர் வாடிக்கையாளரை உட்கார வைத்து, மெயில் உருவாக்கி, ஓடிபி வாங்கிக்கொண்டிருக்க மாட்டார். தன் மெயிலைப் போட்டு அனுப்பிவிடுகிறார்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம், யாரும் செய்யாதீர்கள். யுஎஸ்பி பென்டிரைவில் பூட் செய்து பாஸ்வேர்டைத் தூக்கிவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் செட்டிங்குக்குள் போய், நம்பகமானதை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட்டை அணைத்தேன். அப்படிக் கிடைக்கும் கருவிகள் இந்தக் கணினிக்குள் இருக்கும் லோக்கல் பாஸ்வேர்டைத்தான் தொடும். ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டை ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வந்து பிட்லாக்கர் (டிஸ்கையே என்க்ரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கேட்டது. 48 இலக்கம். அம்மாவின் மெஷினில் என்க்ரிப்ஷன் போட்டது யார்?

யாரும் போடவில்லை, தானாக விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் லாக்இன் செய்த கணமே, வசதியுள்ள மெஷின்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதற்கான நிபந்தனைகளைத் தளர்த்தியதால் முன்பு தப்பிய பல மெஷின்களும் இப்போது அதில் அடங்கும். 48 இலக்கச் சாவியின் பிரதி எந்தக் கணக்கு லாக்இன் செய்ததோ அந்தக் கணக்குக்குப் போய்ச் சேரும். அதாவது கடைக்காரரின் மெயிலுக்கு. அவர் நாளைக்கே கடையை மூடினாலோ, அந்த மெயிலைத் தொலைத்தாலோ, இந்த மாதிரி ஒரு திரை வரும் அன்று டிஸ்கில் இருக்கும் அத்தனை போட்டோவும் போனதுதான். பின் நம்பர் கேட்பது தொல்லைதான். ஆனால் உண்மையான ஆபத்து இது.

நான் தப்பியது எப்படியென்றால், திரும்ப பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஆன் செய்தேன், விண்டோஸ் வழக்கம்போலத் திறந்தது. பூட் ஆகும் நிலை மாறியதால்தான் டிபிஎம் சாவியைக் கொடுக்க மறுத்தது. பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் கொடுத்துவிட்டது. ஆகவே அந்தத் திரை வந்தால் பதறி ரீஇன்ஸ்டால் போடவேண்டாம், கடைசியாக எதை மாற்றினோமோ அதைத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஆனால் பயாஸில் 'கிளியர் டிபிஎம்' என்று ஒரு வரி இருக்கும், அதன் பக்கம் போகவே கூடாது. அதை அழுத்தினால் சாவியும் போகும், பின் நம்பரும் போகும், திருப்பி வைக்க ஒன்றும் மிஞ்சாது.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை சாவியை எடுப்பது. அதற்குக் கடைக்காரரின் பாஸ்வேர்டு தேவையே இல்லை! அட்மின் உரிமையோடு உள்ளே இருந்தால் போதும், இது தெரியாமல்தான் பலர் கடைக்கு அலைகிறார்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, மேனேஜ், ஒரு கோடு, பி-டி-ஈ என்று சேர்த்து அடியுங்கள். ஒரு இடைவெளி விட்டு, முன்னால் கோடு போட்டு ப்ரொடெக்டர்ஸ். இன்னொரு இடைவெளி விட்டு, முன்னால் கோடு போட்டு கெட். கடைசியில் இடைவெளி விட்டு சி, ஒட்டினாற்போல முக்காற்புள்ளி. என்டர் தட்டினால் 'நியூமெரிக்கல் பாஸ்வேர்டு' என்ற தலைப்பின் கீழ், ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் வரும். அவைதான் சாவி.

அதைப் பேப்பரில் எழுதுங்கள். அதே கணினியில் சேமித்து வைப்பது பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி. எழுதும்போது 1-க்கும் 7-க்கும் கை தடுமாறும். அதைச் சரிபார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆறிலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண்ணாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு 135795 வகுபடும், விடை 12345. நடுவில் இருக்கும் 7-ஐ 1 என்று எழுதி 135195 ஆக்கினால் வகுபடாது. போன் கால்குலேட்டரில் எட்டு முறை வகுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தால் நிம்மதி. ரேஷன் கார்டு உறைக்குள் போட்டு வைத்தேன், வீட்டில் தொலையாத ஒரே இடம் அது.

அடுத்தது ஒன்டிரைவ், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு வரும் ஆன்லைன் சேமிப்பிடம். இதில் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. செட்டப்பின்போது யாரும் தடுக்காவிட்டால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஆதாரும் பாஸ்புக் முதல் பக்கமும் கடைக்காரரின் ஆன்லைன் கணக்கில் இருந்தன. அவருக்கே அது தெரியாது என்பது வேறு விஷயம். உடனே அன்லிங்க் செய்யத் தோன்றும், அதாவது அந்தக் கணக்கோடு இருக்கும் தொடர்பைத் துண்டிக்க. செய்யாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருக்கும் ஃபைல்கள் கணினியில் இல்லை, அவற்றின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒன்டிரைவ் ஃபோல்டர் முழுவதையும் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, மேகம் எல்லாம் பச்சை டிக்காக மாறும்வரை காத்திருந்து, பிறகு அத்தனையையும் பென்டிரைவுக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு அன்லிங்க்.

கடைக்காரர் கணக்கை விட்டு வெளியேற அம்மாவுக்கென்று ஒரு லோக்கல் கணக்கு, அதாவது இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்கு வேண்டும். புது யூசர் உருவாக்குவது லேசான வேலை. அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். ஈமெயில் கேட்கும் இடத்தில், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் "இவருடைய விவரம் என்னிடம் இல்லை" லிங்க், அடுத்த திரையில் "மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்" லிங்க். யூசரை உருவாக்கியதும் அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்ற மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் பழைய கணக்கை நீக்கிய பிறகு அட்மினே இல்லாத கணினியோடு நிற்பீர்கள். புதுக் கணக்கில் நுழைந்து, ஃபைல்களை இறக்கி, பிரிண்டர் ஓடுகிறதா பார்த்துவிட்டு, கடைசியில்தான் பழைய கணக்கை நீக்கவேண்டும். நீக்கினால் அதன் ஃபைல்களும் சேர்ந்து போகும்.

பாஸ்வேர்டே வைக்காமல் காலியாக விட்டால் என்ன? விடலாம். ஒரே ஒரு யூசர்தான் என்றால் கணினி நேராக டெஸ்க்டாப்பில் போய் நிற்கும், அந்த எட்டெழுத்துப் பெட்டிகூட வேண்டாம். ஆனால் காலி பாஸ்வேர்டு உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்த விண்டோஸ் அனுமதிக்காது. இந்தக் கணினியில் இருக்கும் ஃபோல்டரையோ பிரிண்டரையோ மாடியறை லேப்டாப்பிலிருந்து பயன்படுத்துவதாக இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு பிரிண்டர் பகிர்வு வேண்டும், ஆகவே பாஸ்வேர்டு வைத்து, மறுபடி அந்தப் பெட்டிக்குப் போய் டிக்கை எடுத்தேன்.

அங்கே கடைசிக் குழி. பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும், கொடுத்தால் ஓகே சொல்லும். ஆனால் அது சரியான பாஸ்வேர்டுதானா என்று அந்த இடத்தில் சோதிக்காது. ஒரே தப்பை இரண்டு முறை அடித்தாலும் தலையாட்டும். ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் "பாஸ்வேர்டு தவறு" என்று வந்து நிற்கும். எனக்கு மூன்று முறை அப்படி வந்தது. காரணம் கீபோர்டு. அம்மா தமிழ் 99 வைத்திருக்கிறார், அது ஆனில் இருந்தபடியே நான் ஆங்கிலப் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்தேன். திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள், அவற்றில் தமிழ் என்ன, ஆங்கிலம் என்ன. லாக்இன் திரையில் கண் படத்தை அழுத்தினால் எழுத்து தெரியும், இந்தப் பெட்டியில் அதுவும் இல்லை. ஆகவே நோட்பேடைத் திறந்து ஒருமுறை அடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிவிட்டு, அப்புறம் பெட்டிக்குப் போங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ஸ்லீப்பிலிருந்து எழும்போது கேட்கும். அது தனி. சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் "விலகியிருந்தால் மறுபடி எப்போது கேட்கவேண்டும்" என்பதற்கு 'நெவர்' கொடுத்தால் நின்றுவிடும். ஸ்க்ரீன்சேவர் வைத்திருந்தால் அதன் செட்டிங்கில் 'ஆன் ரெஸ்யூம்' டிக்கையும் எடுக்கவேண்டும்.

டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைத்துவிட்டேன். ஹாலில் கிடக்கும் மெஷினுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. பையில் போகும் லேப்டாப்புக்கு இதில் எதையும் செய்யமாட்டேன், அதில் பின் நம்பரும் இருக்கட்டும், என்க்ரிப்ஷனும் இருக்கட்டும், சாவி பேப்பரில் இருந்தால் போதும். கடைக்காரரிடம் சொல்லி அவர் ஒன்டிரைவிலிருந்த ஃபைல்களை அழிக்க வைத்து, டிவைஸ் பட்டியலிலிருந்தும் இந்தக் கணினியை எடுக்கச் சொன்னேன். சலிக்காமல் செய்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இரண்டு வழியில் திரும்பி வரப் பார்க்கும். ஸ்டோரிலோ வேறு ஆப்பிலோ அந்தக் கணக்கால் லாக்இன் செய்தால், "இதையே கணினி முழுக்கப் பயன்படுத்தலாமா" என்று கேட்டு 'நெக்ஸ்ட்' பட்டனைப் பெரிதாகக் காட்டும். அதை அழுத்தினால் லோக்கல் கணக்கு மறுபடி ஆன்லைன் கணக்காகிவிடும். கீழே 'மைக்ரோசாஃப்ட் ஆப்ஸ் ஒன்லி' என்று சின்னதாக இருப்பதைத்தான் அழுத்தவேண்டும். இன்னொன்று, ஏதாவது அப்டேட்டுக்குப் பிறகு முழுத் திரையில் "செட்டப்பை முடிக்கலாமா" என்று வந்து நிற்பது. செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்று மடித்து வைத்திருப்பதை விரித்து, உள்ளே இருக்கும் டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கணினியை அம்மாவிடம் கொடுத்தேன்.