82 வயசுல காலியாகற பணம்

ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. கையில இருக்கற சேமிப்பு கடைசி வரைக்கும் வருமாங்கற யோசனைல ஒரு ராத்திரி தூக்கமே வரல, எழுந்து உட்கார்ந்து ஒரு ஏஐ சாட்பாட் கிட்ட கேட்டேன். மொத்த சேமிப்பு 100ன்னு வெச்சுக்கோ, 60 வயசுல இருந்து ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் செலவுக்கு 5 எடுப்பேன், மீதி 7 சதவீதம் வளரும், எத்தனை வயசு வரைக்கும் தாங்கும்னு. அசல் குறையவே குறையாது, நிம்மதியா இருங்கன்னு பதில் வந்துச்சு. நானும் நிம்மதியா போய் படுத்துட்டேன்.

காலைல திரும்ப படிச்சப்பதான் உறைச்சுது, விலைவாசி எங்க? நான் சொல்லல, அதுவும் கேக்கல. செலவு வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறும்னு சேர்த்து, வருஷத்துக்கு ஒரு வரியா போட்டுக் காட்டுன்னு கேட்டேன். 12 வருஷத்துல செலவு டபுள் ஆயிடுது, 22 வருஷத்துல மொத்தமும் காலி. அதாவது 82 வயசு. அதே 100, அதே 7 சதவீதம்தாங்க, விலைவாசிங்கற ஒரே ஒரு விஷயம் விட்டுப்போனதுக்கு இவ்வளவு வித்தியாசம்.

அதுல இருந்து "பணம் பத்துமா"ன்னு கேக்கறத விட்டுட்டேன். "நீ எதையெல்லாம் அனுமானம் பண்ணிக்கிட்ட, வரிசையா சொல்லு"ன்னுதான் முதல்ல கேக்கறேன். கூட்டல் பெருக்கலையும் அதோட வாய்ல விடறதில்ல, எக்செல் ஃபார்முலா மட்டும் எழுதி வாங்கி நானே ஷீட்ல போட்டுப் பாக்கறேன், ஏன்னா அது அடுத்து வரவேண்டிய வார்த்தைய கணிச்சு எழுதற சாதனம், கணக்கு தப்பினாலும் பதில் அதே தெளிவோடதான் வரும்.

ஆனா ஒண்ணு அருமையா புரிய வெச்சுது. மார்க்கெட் ஒரு வருஷம் 20 சதவீதம் விழுந்து, அடுத்த வருஷம் அப்படியே நின்னு, மூணாவது வருஷம் 25 ஏறுனா, கை வெக்காத 100 திரும்ப 100க்கே வந்துடும். வருஷ ஆரம்பத்துல 5, 5ஆ எடுத்துட்டு இருந்தா கடைசில 82.5தான் மிஞ்சும். அதே ஏத்த இறக்கம் தலைகீழா, முதல்ல ஏறி கடைசில விழுந்தா 87 மிஞ்சும். ரிட்டயர் ஆன முதல் சில வருஷம் எப்படி அமையுதுங்கறது அவ்வளவு முக்கியம், இத எனக்கு இதுவரைக்கும் யாரும் இப்படி உடைச்சு சொன்னதில்ல.

முதல் வருஷம் சேமிப்புல 4 சதவீதம் எடுத்து, அப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கிட்டா பணம் தாங்கும்னு ஏஐ அடிக்கடி சொல்லும், அத அப்படியே நம்பிடாதீங்க. 1994ல வில்லியம் பெங்கன்ங்கற நிதி ஆலோசகர் அமெரிக்க மார்க்கெட்டோட பழைய கணக்க வெச்சு, 30 வருஷத்துக்குன்னு போட்டுப் பார்த்தது அது. வரி விதியும் அப்படித்தான், அது படிச்சு வெச்சிருக்கறது பழசா இருக்கலாம், நேர்ல ஒரு ஆடிட்டர பாத்துடுங்க. அக்கவுண்ட் நம்பர மட்டும் எக்காரணம் கொண்டும் டைப் பண்ணாதீங்க.

நேத்து ஷீட்ட வீட்டுக்காரி கிட்ட காட்டினேன். ஒவ்வொரு வரியா பொறுமையா பாத்துட்டு, "இதுல நாம ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சேர்ந்தே இருக்கோமே, நான் மட்டும் தனியா இருந்தா உங்க பென்ஷன்ல எனக்கு எவ்வளவு வரும்?"னு கேட்டா. நானும் அத யோசிக்கல, ஏஐயும் கேக்கல. இப்ப அந்த கணக்கதான் போட்டுட்டு இருக்கேன்.