டீ ஒண்ணு மிச்சம்

செப்டம்பர் 30, 2024, திங்கள்

காலை ஏழரைக்கே மதுரை லாரி நெல்லை பெருமாள்புரம் தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. ஐந்து மாடி, மாடிக்கு எட்டு வீடு, வீட்டுக்கு இரண்டு பாத்ரூம் என்று 80 பாத்ரூமுக்கான பைப்பில் முதல் லோடு. டிரைவருக்கு அவசரம். "கையெழுத்துப் போடுங்கக்கா, நாங்குநேரிக்கு இன்னொரு லோடு கெடக்கு" என்று சலான் புத்தகத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்.

சைட்டில் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. நான் போடவில்லை. போன சைட்டில் அவசரத்துக்குப் போட்ட கையெழுத்து இரண்டு மாதம் என்னைத் துரத்தியது.

ஒவ்வொரு கட்டாக இறக்கி, பைப் மேல் அச்சடித்திருப்பதை வாசிக்கச் சொன்னேன். சைஸ், தர எண் ஐஎஸ் 15778, எஸ்டிஆர் (சுவர்க் கனத்தைப் போல வெளிவட்டம் எத்தனை மடங்கு) எத்தனை, பேட்ச் எண் எல்லாம் அதிலேயே இருக்கும். வெந்நீரும் தாங்குகிற முக்கால் இஞ்சு சிபிவிசி பைப்பில் இரண்டு கட்டு எஸ்டிஆர் 13.5. நாங்கள் கேட்டது 11. வெளிவட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், 22.2 மில்லி. அதனால் கட்டாகப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஃபிட்டிங்கும் இரண்டுக்கும் உட்காரும். சுவர்க் கனத்தில்தான் சங்கதி. வெளிவட்டத்தை 11-ஆல் வகுத்தால் 2 மில்லி, 13.5-ஆல் வகுத்தால் 1.6 சொச்சம். வெர்னியர் வைத்துக் காட்டியதும் எஞ்சினியர் தம்பி பேசாமல் கைபேசியை எடுத்துக் கடைக்குக் கூப்பிட்டார்.

சலானில் '2 கட்டு திருப்பி அனுப்பியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. விழட்டும்.

அக்டோபர் 3, வியாழன்

இன்றைக்குக் கூத்து. தம்பி வாட்ஸப்பில் 'முக்கால் இஞ்சு எல்போ 60' என்று கடைக்கு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரர் பச்சைத்தண்ணி லைனுக்கான யூபிவிசி எல்போ 60 அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அதுவும் முக்கால் இஞ்சுதான், அதுவும் மூலையில் திருப்புகிற எல்போதான்.

பிளம்பர் அண்ணாச்சி சிபிவிசி பைப்பை அதில் சொருகிக் காட்டினார். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற பிள்ளை கால் மாதிரி உள்ளே லொடலொடவென்று ஆடியது. யூபிவிசி முக்கால் இஞ்சுக்கு வெளிவட்டம் 26.7 மில்லி. பெயர் ஒன்றாக இருந்தும் நாலரை மில்லி இடைவெளி.

"என்னம்மா இது, சவம் இந்த ஆட்டு ஆடுது! பேஸ்ட்டைக் குழம்பா ஊத்துனாக்கூட நிக்காது" என்றார் அண்ணாச்சி. மூன்று ஆள் அரை நாள் சும்மா உட்கார்ந்தார்கள். கூலி ஓடியது.

சாயங்காலம் சிமெண்டு சாக்கு அட்டையில் பெரிதாக எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டினேன். என்ன வகை, என்ன சைஸ், என்ன சாமான், எத்தனை, எந்த மாடிக்கு, என்றைக்கு வேணும். இந்த ஆறும் இல்லாத சீட்டை வாங்க மாட்டேன். கழிவுப் பைப்புக்கு மட்டும் இரண்டு பாஷையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன். ரெண்டு இஞ்சு என்றால் 63, ரெண்டரை என்றால் 75, நாலு என்றால் 110, ஆறு என்றால் 160. பில்லில் மில்லிமீட்டரில்தான் வரும். அண்ணாச்சி வாயில் இந்த ஜென்மத்தில் மில்லிமீட்டர் வராது.

அக்டோபர் 5, சனி

புரட்டாசி வெயில் என்று பெயர், சித்திரை போல் அடிக்கிறது. எஸ்டபிள்யூஆர் என்கிற கழிவுப் பைப்பை மொட்டை வெயிலில் கருப்புத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். கையை உள்ளே விட்டால் அடுப்பு. அடிவரிசையில் நாலு பைப் வில்லாக வளைந்துவிட்டது, வளைந்தது வளைந்ததுதான். மேற்கு வாட்டத்தில் லிஃப்ட் கிடங்கு ஓரமாக நிழலுக்கு மாற்றினோம். அடியில் மீட்டருக்கு ஒரு சவுக்குக் கட்டை, சாக்கெட் தலைகளை ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம், இடுப்புக்கு மேல் அடுக்குவதில்லை. பக்கம் திறந்தே இருக்கட்டும், காற்று போகட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

இந்தத் தொழிலில் பத்து வருஷமாகப் பார்க்கிறேன், பைப் இல்லை என்று வேலை நின்றதே கிடையாது. ஏதோ ஒரு சின்ன ஃபிட்டிங் இல்லாமல்தான் நிற்கும். பைப் பத்தடி நீளம், யார் கண்ணிலும் படாமல் எங்கே போய்விடும்? குழாய் மாட்டுகிற வாயில் வருகிற பிராஸ் எல்போ உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பித்தளை என்பதால் பழைய இரும்புக் கடையில் எடைக்கும் போகும். யாரையும் குற்றம் சொல்லவில்லை. மணலுக்குள் விழுவது, சட்டைப் பையில் மறந்து வீட்டுக்குப் போவது, அடுத்த மாடிக்காரன் 'அப்புறம் தாரேன்' என்று எடுத்துப் போவது எல்லாமும்தான். பெட்டி பெட்டியாக மாடிக்கு ஏற்றிவிட்டு மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எங்கே இடிக்கும்?

அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஒரு பாத்ரூமுக்கு என்னென்ன போகும், சரியாச் சொல்லுங்க அண்ணாச்சி."

"அதெல்லாம் கணக்கு வச்சாம்மா போடுதோம்? கை போற போக்குல போடும்."

கை போகிற போக்கையே எண்ணிவிடுவோம் என்று முதல் மாடி முதல் வீட்டில் நான் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன். அவர் மாட்ட மாட்ட நான் கோடு போட்டேன். பிராஸ் எல்போ 8: வாஷ்பேசினுக்கு 2, கீசருக்கு 2, சிஸ்டர்ன், ஹெல்த் ஃபாசட், ஷவர், வாளிக்குழாய் ஒவ்வொன்று. டீ (லைனிலிருந்து கிளை பிரிக்கிற மூன்று வாய் இணைப்பு) 5: பச்சைத்தண்ணி லைனில் ஐந்து பாயிண்ட், கடைசிப் பாயிண்டுக்கு எல்போ போதும் என்பதால் 4, வெந்நீர் லைனில் 1. வெந்நீரையும் பச்சைத்தண்ணியையும் கலந்து ஷவருக்கோ வாளிக்கோ திருப்புகிற டைவர்ட்டருக்கு எம்டிஏ (வெளிநூல் உள்ள இணைப்பு) 4. சாதா எல்போ 14, அதில் இரண்டு மட்டும் பீம் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போனதற்கு.

(எழுத்தில் 'டீ 5' என்று கோடு போட்டதைப் பார்த்த டீக்கடைப் பையன் ஐந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டான். காசு நான் கொடுத்தேன்.)

நாளையிலிருந்து பாத்ரூமுக்கு ஒரு சிமெண்டு சாக்கு. உதறிக் கழுவிக் காயவைத்து, மேலே மார்க்கரில் 'ஏ 201 பெரியது', 'ஏ 201 சின்னது' என்று எழுதி, கணக்குப்படி சாமானைப் போட்டு வாயைக் கட்டிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் சாக்கு எனக்குத் திரும்பி வர வேண்டும், காலியாக இருந்தாலும் வர வேண்டும். கூடுதலாக ஒரு ஃபிட்டிங் வேண்டுமானால் வந்து கேட்கலாம். தருவேன், ஆனால் ஏன் என்று எழுதிவிட்டுத் தருவேன்.

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "ரேசன் கடையாக்கிட்டியே தாயி" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பைப் ரெஞ்சு, நூல் போடும் டை செட்டு, பிரஷர் டெஸ்ட் பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. அண்ணாச்சி என் இண்டெண்ட் நோட்டை, அதாவது சாமான் கேட்பதை எழுதும் நோட்டை, எடுத்து நடுவில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். கிண்டலா பக்தியா தெரியவில்லை. பொரி, கடலை, சுண்டல். வேலை இல்லை.

அக்டோபர் 16, புதன்

முதல் மாடியில் பம்ப் அடித்துப் பார்த்த பிரஷர் டெஸ்டில் ஒரு ஜாயிண்ட் கசிந்தது. உடைத்துப் பார்த்தால் பேஸ்ட் உள்ளே சவ்வு மாதிரி உரிந்து வந்தது. கேன் வாயை மூடாமல் வெயிலில் வைத்து, அது கூழாக இறுகி, ஒரு பையன் பெயிண்டர்கிட்டே தின்னர் வாங்கி ஊற்றிக் கலக்கியிருக்கிறான். கலங்கியது, ஒட்டவில்லை. இறுகின பேஸ்டைத் தூரப் போடுவது தவிர வேறு வழி கிடையாது.

பெரிய டப்பா வாங்கினால் மலிவு என்று வாங்கியது நான்தான், அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இனி 237 மில்லி டப்பா மட்டும். காலி டப்பாவைக் கொடுத்தால்தான் அடுத்தது. மூடியில் திறந்த தேதி. சிபிவிசிக்கு மஞ்சள் பேஸ்ட், யூபிவிசிக்கு வெள்ளை, இரண்டும் வேறு வேறு அலமாரியில்.

ஒட்டி ஒரு நாளாவது ஆறின பிறகுதான் தண்ணி ஏற்ற வேண்டும் என்று தம்பியிடமும் சொன்னேன். அன்றைக்கு ஒட்டி அன்றைக்கே பம்ப் அடிக்கச் சொன்னது அவர்தான். தலையை ஆட்டினார்.

அக்டோபர் 19, சனி

துண்டுப் பைப் மலை. யாருக்கும் துண்டில் கை வைக்கப் பிடிப்பதில்லை, புதுப் பைப்பை அறுப்பதில் ஒரு ராஜகளை இருக்கிறது போல. டைவர்ட்டரிலிருந்து ஷவருக்கு 1.1 மீட்டர் வேண்டும். பையன் புது 3 மீட்டரில் ஒன்றை அறுத்துவிட்டு மீதியை மூலையில் சாத்துவான், அடுத்தவன் அதிலிருந்து தனக்கு வேண்டியதை அறுப்பான், கடைசியில் ஒன்றுக்கும் ஆகாத முழத்துண்டு மிஞ்சும்.

இரண்டு பாத்ரூமைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே பைப்பில் 1.1 இரண்டு, மிச்சம் 80 சென்டி. பேசின் இறக்கத்துக்கு 39 சென்டி போதும், அதுவும் இரண்டு வருகிறது. ரம்பம் தின்றது போக மிஞ்சுவது தூள்தான். இப்போது அறுக்கிறதை ஸ்டோர் வாசலிலேயே மேஜை போட்டு அறுத்து, சாக்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறோம்.

ஒன்றில் மட்டும் அண்ணாச்சி சொல்வதற்குக் கட்டுப்பட்டேன். சுவருக்குள் புதைகிற லைனில் துண்டுகளைக் கப்ளர் போட்டு நீட்டக் கூடாது என்றார். ஒரு கப்ளர் என்றால் இரண்டு ஜாயிண்ட், டைல்ஸுக்குப் பின்னால் ஒழுகினால் உடைப்பது யார்? நியாயம். ஒட்டுத்துண்டெல்லாம் மொட்டை மாடியில் கண்ணில் தெரிகிற லைனுக்கு ஒதுக்கியாயிற்று.

அக்டோபர் 24, வியாழன்

தீபாவளிக்கு ஒரு வாரம். மதுரைக் கடையில் 28-க்குப் பிறகு லாரி கிடையாது என்றுவிட்டார்கள். ஜங்ஷனில் கேட்டால் சில்லறைச் சாமான் அன்றைக்கே கிடைக்கும், மதுரை என்றால் இரண்டு நாள், பெரிய வால்வு கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம். இந்த மூன்று தூரத்தை வைத்துத்தான் எதை எவ்வளவு இருப்பு வைப்பது என்று முடிவு செய்கிறேன். ஜங்ஷனில் கிடைப்பதை மூட்டை கட்டி வைப்பானேன்? கேட் வால்வுக்கும் பால் வால்வுக்கும் இன்றே ஆர்டர் போட்டேன்.

மழைக்கும் ஏற்பாடு. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் யாருக்கும் மறக்காது. அப்போது நான் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சைட்டில், ஸ்டோர் தரைத்தளத்தில். தாமிரபரணி உள்ளே வந்து போனது. பிவிசிக்குத் தண்ணியால் ஒன்றும் ஆகாது, கெட்டது அட்டைப்பெட்டிகள்தான். பெட்டி கரைந்து, அரை இஞ்சும் முக்காலும் ஒன்றும் சேற்றில் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒரு வாரம் மூன்று பேர் உட்கார்ந்து, நெல்லில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினோம். இங்கே முதலிலேயே பிளாஸ்டிக் கிரேட், தரையிலிருந்து மூன்றடி உயரம்.

அக்டோபர் 28, திங்கள்

இரண்டாம் மாடி முடிந்தது. 16 பாத்ரூம், 16 சாக்கு. காலையிலேயே டெஸ்ட். பிரஷர் முள் 7 கிலோவில் ஏறி நின்றது, இரண்டு மணி நேரம் அசையவில்லை. தம்பி படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். நாளை பூச்சுக்காரர்கள் வருகிறார்கள்.

சாயங்காலம் சாக்குகளை உதறினேன். பதினைந்து காலி. பதினாறாவதில், 'பி 206 சின்னது', டங்கென்று ஏதோ விழுந்தது. ஒரு பிராஸ் எல்போ. இன்னொரு தரம் உதறினேன். ஒரு டீ.

முதலில் என் எண்ணிக்கையைத்தான் சந்தேகப்பட்டேன். நோட்டைப் பார்த்தேன், கிரேட்டில் இருப்பை எண்ணினேன், சரியாக இருந்தது. எட்டும் ஐந்தும் போட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி கைகால் கழுவிச் சட்டை மாற்றிவிட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. "மிச்சந்தானம்மா வந்திருக்கு, கொறைஞ்சா வந்துச்சு?" என்றார்.

"அப்ப எங்கேயோ ஒரு டீ குறைஞ்சிருக்கு அண்ணாச்சி."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

கரண்டு இல்லாத மாடி, கைபேசி வெளிச்சத்தில் ஏறினோம். பி 206 சின்ன பாத்ரூம். அவர் சுவரைத் தடவிக்கொண்டே பாயிண்டை எண்ணினார். பேசின் ரெண்டு, கீசர் ரெண்டு, சிஸ்டர்ன், ஷவர், வாளிக்குழாய். கை அங்கேயே நின்றது. சிஸ்டர்னுக்குப் பக்கத்தில் சுவர் வெட்டாமல் மொழுமொழுவென்று இருந்தது. ஹெல்த் ஃபாசட் பாயிண்டே இல்லை. எடுக்காத பாயிண்டில் எப்படி ஒழுகும்? முள் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

"எலே..." என்று கீழே போய்க்கொண்டிருந்த பையனைக் கூப்பிட ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார். அவன் நாங்குநேரி பஸ்ஸுக்கு ஓடிவிட்டிருந்தான்.

அக்டோபர் 29, செவ்வாய்

அண்ணாச்சி ஆறரைக்கே வந்து சுவரை வெட்டி, அறுத்து, அந்த டீயையும் எல்போவையும் அவர் கையாலேயே ஒட்டினார். இன்று முழுக்க ஆற வேண்டும். அதனால் பூச்சுக்காரர்களை பி 206-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கச் சொன்னோம், நாளைக் காலை திரும்ப டெஸ்ட். கூடுதலாக இரண்டு கப்ளர் வேண்டும் என்று ஸ்டோருக்கு வந்து நின்றார். நான் நோட்டை எடுப்பதற்கு முன்னால் அவரே எடுத்து, பேனாவை உதறி, 'பி 206 சின்னது, கப்ளர் 2' என்று எழுதினார். காரணம் எழுதுகிற கட்டத்தில் கொஞ்ச நேரம் யோசித்தார்.

'மறதி' என்று எழுதிவிட்டு, "யாரு மறதின்னு கேக்காதம்மா" என்றார்.