மல்லி சாப்பாட்டைக் குறைத்த வசந்தம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வளரும் மல்லி ஒரு பெண் ஃபெரெட். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இன்றுவரை அவள் கீரிப்பிள்ளைதான். ஆனால் ஃபெரெட், போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டு விலங்கை மனிதர்கள் சுமார் 2,000 ஆண்டுகளாகப் பழக்கி உருவாக்கிய இனம். முயல் வளைக்குள் இறக்கி முயலை வெளியே விரட்டுவதற்காக யார்க்‌ஷயர் பக்கம் இன்றும் இவற்றை வளர்க்கிறார்கள். வேலை மாறிப் போன நண்பர் ஒருவர் மல்லியை எங்களிடம் விட்டுச் சென்றபோது அவளுக்கு ஒரு வயது நிறையவில்லை, கருத்தடையும் செய்யப்பட்டிருக்கவில்லை. அடுத்த கோடை முழுவதும் எங்கள் கவலையெல்லாம் அதைச் சுற்றியே இருந்தது.

டிசம்பரில் வந்தவள் நல்ல கொழுகொழுவென்று இருந்தாள். எடை 900 கிராம். வயிறு தரையைத் தொடும். ரோமம் விரல் புதைகிற அளவு அடர்த்தி. கோழி இறக்கை, முயல் இறைச்சி, உறைய வைத்த கோழிக்குஞ்சு எதைப் போட்டாலும் மிச்சம் வைக்கமாட்டாள். பிப்ரவரி பாதிக்கு மேல் தட்டில் இறைச்சி மீந்தது. ஃபெரெட்டின் குடல் மிகக் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டிய பிராணி அது. அப்படிப்பட்டது சாப்பாட்டை ஒதுக்கினால் வளர்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். மார்ச்சில் 760 கிராமுக்கு இறங்கிவிட்டாள். குளிர்கால ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

எங்கள் தெருக்கோடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறுவயதிலிருந்தே ஃபெரெட் வளர்ப்பவர். அவரிடம் மல்லியைத் தூக்கிக்கொண்டு போனேன். எடை குறைந்ததைக் கேட்டு அவர் பதறவில்லை. பகல் நீளத் தொடங்கியதும் ஃபெரெட்டுகள் பனிக்காலக் கொழுப்பைக் கரைத்துவிடும், மூன்றில் ஒரு பங்கு எடைகூட இறங்கும் என்றார். லீட்ஸில் டிசம்பர்ப் பகல் ஏழரை மணி நேரம். ஜூனில் அது 17 மணி நேரத்தைத் தொடும். அந்த வெளிச்சக் கணக்கைத்தான் இவற்றின் மூளை கவனிக்கிறது. பிறகு அவளைத் திருப்பிப் பார்த்தார். பிறப்புறுப்பு வீங்கத் தொடங்கியிருந்தது. பருவத்துக்கு வந்துவிட்டாள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள் என்று அழுத்திச் சொன்னார்.

மாடு பருவத்துக்கு வந்தால் ஒரு நாளில் அடங்கிவிடுவதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். பெண் ஃபெரெட்டுக்கு அப்படி இல்லை. இணை சேர்ந்தால்தான் அதன் கருமுட்டை வெளியாகும். சேராவிட்டால் பருவம் மாதக்கணக்கில், பகல் குறையும் வரைக்கும் நீடிக்கும். அத்தனை காலமும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உச்சத்திலேயே இருக்கும். அது எலும்பு மஜ்ஜையை முடக்கி, இரத்த அணுக்கள் உற்பத்தியாவதையே நிறுத்திவிடக்கூடும். ஈறு வெளுக்கும், வால் அடியில் ரோமம் கொட்டும், பின்னங்கால் தளரும், தோலுக்கடியில் இரத்தப் புள்ளிகள் தெரியும். அந்தக் கட்டத்தில் பல உயிர்கள் தப்புவதில்லை. பருவம் தானே, தானாகப் போய்விடும் என்று காத்திருப்பது இந்தப் பிராணியைக் கொல்லும். ஃபெரெட் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மருத்துவர் ஈறைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். ஆரோக்கியமான ஃபெரெட்டின் இரத்தத்தில் ஏறத்தாழப் பாதி சிவப்பணு. அது 25 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து, 15க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஃபெரெட்டுகளில் இரத்த வகை வேறுபாடு இதுவரை கண்டறியப்படவில்லை, எந்த ஃபெரெட்டின் இரத்தமும் சேரும் என்று அவர் சொன்னது எனக்குப் புதிது. மல்லிக்கு 48. நாங்கள் சரியான நேரத்தில் வந்திருந்தோம்.

பருவத்தை முடிக்க நான்கு வழிகள் இருந்தன. கருப்பையும் கருவகமும் அகற்றும் அறுவை நிரந்தரத் தீர்வு. ஆனால் அப்படிச் செய்த ஃபெரெட்டுகளுக்குப் பிற்காலத்தில் அட்ரீனல் சுரப்பி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் எங்கள் மருத்துவர் தயங்கினார். ப்ரோலிஜெஸ்டோன் என்ற ஹார்மோன் ஊசி பொதுவாக ஒரு பருவத்துக்குத் தாங்கும். தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மருந்துக் குச்சி நீண்ட காலம் வேலை செய்யும், ஆனால் முதல் சில நாட்கள் பருவத்தைத் தூண்டிவிட்டுத்தான் அடக்கும். ஆகவே அதைப் பருவம் தொடங்கும் முன்பே வைப்பது நல்லது. நான்காவது, விந்துக்குழாய் துண்டிக்கப்பட்ட ஆணுடன் சேர்ப்பது. சினை பிடிக்காது, கருமுட்டை மட்டும் வெளியாகிப் பருவம் அடங்கும். பெரியவரிடம் அப்படி ஓர் ஆண் இருந்தது. ஃபெரெட்டுகளிடையே தொற்றும் அலூஷியன் என்ற வைரஸ் நோய்க்கான பரிசோதனையும் அதற்குச் செய்திருந்தார். நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். உடம்பு தனக்குத் தெரிந்த வழியில் பருவத்தை முடிக்கட்டும் என்று எனக்குப் பட்டது.

பார்க்கக் கடினமான காட்சி அது. ஆண் அவள் பிடரியைக் கவ்வித் தரதரவென்று இழுத்தது, அவள் கீச்சிட்டாள், மணிக்கணக்கில் நீண்டது. பிரித்துவிடலாமா என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பிடியும் இணைசேர்க்கையும் சேர்ந்துதான் கருமுட்டையை விடுவிக்கின்றன, கை வைக்காதீர்கள் என்றார் பெரியவர். வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் பல் பட்ட இடங்களைத் துடைத்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் வீக்கம் வற்றியது.

பசி திரும்பியது அப்போதுதான். சினைக்காலம் 42 நாள். கரு இல்லாமலேயே உடம்பு ஏறத்தாழ அவ்வளவு காலமும் சினையாக நடிக்கும். மல்லி தட்டைக் காலி செய்துவிட்டு மேலும் கேட்டாள். வயிறு உருண்டது, முலைகள் தெரிந்தன, என் பழைய காலுறைகளை இழுத்துப் போய்க் கூடு கட்டினாள். ஒரு ரப்பர் பந்தைக் குட்டியாகப் பாவித்துக் காவல் காத்தாள். கொட்டகைக்குள் கை நீட்டினால் சீறினாள். அந்தப் பந்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பொய்ச்சினை முடிந்ததும் ஜூனில் மறுபடி பருவம். மறுபடி பெரியவர் வீடு.

ஜூலை வெப்பத்தில் சாப்பாடு இன்னொரு முறை குறைந்தது. இதற்குக் காரணம் வேறு. ஃபெரெட்டுக்கு உடம்பெங்கும் வியர்க்காது. 30 டிகிரியை நெருங்கினாலே சுருண்டுவிடும். கொட்டகைக்கு நிழல் கட்டி, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தோம். சாப்பாட்டை அதிகாலைக்கும் இரவுக்கும் மாற்றினேன்.

மெல்லக் குறையும் பசியையும் சட்டென்று நிற்கும் பசியையும் இப்போது பிரித்துப் பார்க்கிறேன். பகல் நீளம் மாறும்போது எடை வாரக்கணக்கில் இறங்கும். ஆனால் பிராணி ஓடியாடும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். அரை நாள் எதையும் தொடாமல், பல்லை நறநறவென்று கடித்து, எச்சில் ஒழுகக் கிடந்தால் அது நோய். ரப்பர்த் துண்டு எதையாவது விழுங்கிக் குடல் அடைத்திருக்கலாம். பந்தைக் கடித்துப் பிய்க்கிறாளா என்று தினமும் பார்ப்பது அதனால்தான்.

செப்டம்பரில் தட்டு மறுபடி காலியாகத் தொடங்கியது. அக்டோபரில் புது ரோமம் வந்தது, எடை 880 ஆயிற்று, தூக்கமும் நீண்டது. பொழுது சாய்ந்த பிறகு கொட்டகை விளக்கைப் போடுவதை நிறுத்திவிட்டேன். செயற்கை வெளிச்சத்தில் இருக்கும் ஃபெரெட்டுகளுக்குப் பருவம் முன்கூட்டியே வரும். டெஸ்லோரெலின் குச்சி வைக்க ஜனவரியில் நேரம் வாங்கியிருக்கிறோம். அதுவரை ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் அவளை நிறுத்தி, ஈறைப் பார்த்துக் குறித்து வைக்கிறேன்.