லாக்கர் அறையும் நகைக்கடன் கவுண்டரும்

பணத்தால் மகிழ்ச்சி வராது என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டு நகை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். லாக்கரில் இருந்தால் அப்படிச் சொல்வது சுலபம். நகையை அடகில் வைத்திருப்பவர் வாயால் அதை நான் கேட்டதே இல்லை.

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரில், வங்கிக் கிளையில் வெகுகாலம் வேலை பார்த்தேன். நகைக்கடன், லாக்கர் இரண்டும் என் பொறுப்பு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். மேட்டூரில் தண்ணீரும் திறந்துவிட்டால் குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று செலவு வரிசை கட்டும். அப்போது நகை வங்கிக்கு வரும். தை, மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியதும் அதே நகை வீட்டுக்குப் போகும்.

நகையை வைக்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். தெரிந்தவர் யாராவது வரிசையில் நின்றால், பாஸ்புக்கில் வரவு போட வந்தவர்போல அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடையைக் கழிப்பார். "எங்கம்மா போட்ட நகைங்க, கொஞ்சம் பாத்துக் கழிங்க" என்பார்கள். அவர் பார்த்துத்தான் கழிப்பார், ஆனால் தராசு அம்மாவையெல்லாம் பார்க்காது.

திருப்ப வருகிற நாள் முற்றிலும் வேறு. முத்திரை போட்ட பையை அவர்கள் கண்ணெதிரே பிரித்து, சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். சில பெண்கள் தோட்டை அங்கேயே காதில் மாட்டிக்கொள்வார்கள். தாலிக்கொடியை மட்டும் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். கழுத்தில் இருக்கும் மஞ்சள் கயிற்றை நல்ல நாள் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். கூட வந்த கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெல்லு பணம் முழுதும் கடனுக்குப் போய்க் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனாலும் எங்களுக்கு டீ சொல்லிவிட்டுத்தான் போவார். பணம் தந்த சந்தோஷம்தான் அது. பணத்தைத் தவிர வேறு எதுவும் அன்று அதைத் தந்திருக்க முடியாது.

லாக்கர் அறையில் இந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் எடுப்பார்கள், முடிந்த கையோடு கொண்டுவந்து வைப்பார்கள். பூட்டியபின் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். ஒருவரை நம்பி ஒருவர் விடாமல் ஓரகத்திகள் இருவரும் சேர்ந்தே வருகிற குடும்பமும் உண்டு. 2022 ஜனவரியில் லாக்கருக்குப் புது விதி வந்தது: தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கி தரும் இழப்பீடு ஆண்டு வாடகையைப்போல 100 மடங்கு வரைதான். அதை விளக்கிச் சொன்னதும் பல பேருக்குத் தூக்கம் போனது. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது அந்த 3 லட்சத்துக்கு மூன்றரைப் பவுன்கூட வராது. விலை ஏற ஏற, உட்கார்ந்த இடத்திலேயே அவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். எங்களிடம் வந்து பேசியதோ இரண்டே விஷயம்: பாதுகாப்பாக இருக்குமா, அன்றைக்கே இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கலாமே.

இதையெல்லாம் ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை மேலும் உயர்வதில்லை என்றார்கள். 2023-இல் கானமனே மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்துடன் சேர்ந்து அதைத் திருத்தினார்: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது, ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர்களுக்குத்தான் ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவதில்லை. இருக்கலாம். ஆனால் ஒரே சம்பளத்தில், நகை அடகில் இருக்கிற மாசமும் வீட்டில் இருக்கிற மாசமும் ஒன்றா? எங்கள் ஊர்க் கணக்குக்கு அதையும் கேட்டிருக்க வேண்டும்.

வருடா வருடம் ஒரே சங்கிலியை வைத்துத் திருப்புகிற ஒரு அம்மா இருந்தார். புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவர் அவர் கட்டிய வட்டியையெல்லாம் கூட்டிக் காட்டி, "இதுக்குப் பேசாம வித்துடலாமேம்மா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், கூட்டலிலும் பிழையில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "வித்துட்டா அடுத்த ஆனிக்கு எதை வைக்கிறது தம்பி?" என்றார். வருடத்தில் பாதி நாள் அந்தச் சங்கிலி அவர் கழுத்தில் இருக்காது. ஆனால் அது இருக்கிறது என்ற தெம்பில்தான் நாற்றுவிட்டார், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார். லாக்கரில் கிடக்கும் எந்த நகையும் இவ்வளவு வேலை பார்த்து நான் கண்டதில்லை.

கடைசியாக அவர் 2025 ஜூனில் வந்தார். முந்தைய ஜூனில் 53,000 ரூபாய் வாக்கில் இருந்த பவுன் 70,000-ஐத் தாண்டியிருந்தது. அதே சங்கிலிக்கு இந்தத் தடவை கூடுதலாகத் தரலாம், எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.

"போன வருஷம் குடுத்ததே குடுங்க சார். தையில நான்தானே திருப்பணும்" என்றார்.