இளைத்துவிட்டாய் என்ற சொல்

விடுதியிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் என் பாட்டி வாசற்படியிலேயே நிறுத்தி, "என்னடி, இப்படி இளைச்சுப் போயிட்டே" என்று கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். அது கவலைச் சொல். அடுத்த ஒரு வாரத்துக்கு என் தட்டில் நெய் குறையாது. சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து வந்த என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன், பாராட்டாக.

நவம்பரில்தான் அவளைச் சரியாகக் கவனித்தேன். டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் பள்ளம் பறித்து, பாதி சாப்பிட்டதுபோல் ஆக்கிவிட்டு மூடிவிடுவாள். கரும்பலகையில் கணக்குப் போட வந்தபோது வலக்கை விரல் முட்டிகளில் காய்ப்பு தெரிந்தது. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுப்பவர்களுக்குப் பல் பட்டுப்பட்டு அப்படி ஆகும் என்பது, பின்னர் அவளைப் பார்த்த மனநல மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனைக்கும் அப்போது அவள் மெலிந்தும் இருக்கவில்லை. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு அதை வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ ஈடுகட்டப் பார்க்கும் புலிமியா என்ற உணவுக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் பார்வைக்கு இயல்பான எடையில்தான் இருப்பார்களாம். ஆண்டுக்கொரு முறை பள்ளியில் எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதும் நாங்கள் எதைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது பிஜித் தீவில் நடந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அந்த ஊர்க்காரர்களும் என் பாட்டியின் கட்சிதான்: உடம்பு பூரிப்பாக இருப்பதே அழகு, பசி குறைந்து மெலிந்தால் அது நோய். 1995இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், மறுபடி 1998இலும், ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் பள்ளி மாணவியரிடம் உணவுப் பழக்கம் குறித்துக் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். உணவுக் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் அளவுக்கு மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள், எடை குறைப்பதற்காக வாந்தி எடுப்பவர் முதல் முறை ஒருவர்கூட இல்லை, இரண்டாம் முறை 11.3 சதவீதம். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு மாணவியர் என்பதால், எல்லாப் பழியையும் தொலைக்காட்சிமீது போட நான் தயாரில்லை. ஆனால், கவலைச் சொல் பாராட்டாக மாற மூன்று ஆண்டுகள் போதும் என்பதை என்னால் நம்ப முடிகிறது. எனக்கு அதற்குக் கைபேசிகூடத் தேவைப்படவில்லையே.

என் மாணவியின் அம்மா முதலில் இதைத் திமிர் என்றுதான் நினைத்திருந்தார். சிகிச்சை இன்னும் நடக்கிறது. இந்த ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தவளை மாடிப்படியில் பார்த்ததும் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தம்பிக்கு நம் பள்ளியிலேயே இடம் கிடைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.